முகத்துக்கு அபராதம்

2020 மே மாதம், கொரோனா காலம். பாரிஸ் மெட்ரோ ரயிலில் முகத்தை மூடாமல் ஏறினால் 135 யூரோ அபராதம். அதே ரயிலில், அதே நாளில், மத நம்பிக்கைக்காக முகத்தை மூடிக்கொண்டு ஏறினால் 150 யூரோ வரை அபராதம். இரண்டும் ஒரே நாட்டுச் சட்டம்தான். முதலாவது வைரஸோடு வந்தது, வைரஸ் அடங்கியதும் போய்விட்டது. இரண்டாவது 2010-ல் வந்தது. இன்னும் இருக்கிறது.

ஒரே பெட்டியில் எதிரெதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் கண் மட்டும்தான் தெரிகிறது. ஒருத்தி சட்டத்தை மதிக்கிற நல்ல பிரஜை. இன்னொருத்தி குற்றவாளி. போலீஸ்காரர் எதை வைத்துப் பிரிப்பார்? துணியின் நிறத்தையா, நீளத்தையா? கடைசியில் அவள் எதற்காக மூடியிருக்கிறாள் என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.

சட்டம் தெரிந்தவர்கள் உடனே என்னைத் திருத்துவார்கள். 2010 சட்டத்திலேயே விதிவிலக்குகள் உண்டு. உடல்நலக் காரணம், தொழில், விளையாட்டு, திருவிழா, கலை நிகழ்ச்சி இதற்கெல்லாம் முகத்தை மூடலாம். ஹெல்மெட் ஓகே. கார்னிவல் முகமூடி ஓகே. சட்டத்தில் 'புர்கா' என்ற வார்த்தையே கிடையாது. 'பொது இடத்தில் முகத்தை மறைக்கும் உடை யாரும் அணியக்கூடாது' என்று பொத்தாம் பொதுவாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் யாருக்காக எழுதினார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் பேசுவது தலையை மட்டும் மூடும் ஹிஜாப் பற்றி இல்லை. கர்நாடகத்தில் 2022-ல் நடந்த பள்ளிச் சீருடைச் சண்டை வேறு சமாசாரம். இது கண்ணைத் தவிர எல்லாவற்றையும் மூடும் நிகாப், கண்ணுக்கும் வலை போட்ட புர்கா பற்றி.

2009 ஜூனில் பிரெஞ்சு ஜனாதிபதி சர்க்கோசி, வெர்சாய் அரண்மனையில் கூடிய பாராளுமன்றத்தில், புர்காவுக்கு எங்கள் குடியரசில் வரவேற்பு கிடையாது என்று பேசினார். அவர் வலதுசாரி. இதை விசாரிக்கப் போட்ட பாராளுமன்றக் குழுவுக்குத் தலைவர் ஆந்த்ரே ஜெரான் என்ற கம்யூனிஸ்ட். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றமான 'கோன்செய் தெத்தா', முழுத் தடைக்கு உறுதியான சட்ட அடிப்படை இல்லை என்று 2010 மார்ச்சில் எச்சரித்தது. கேட்கவில்லை. கீழ்ச்சபையில் ஆதரவு 335, எதிர்ப்பு 1. சோஷலிஸ்டுகளில் பெரும்பாலோர் ஓட்டே போடவில்லை. 2011 ஏப்ரல் 11-ல் சட்டம் அமலுக்கு வந்தது.

இத்தனை அமர்க்களமும் எத்தனை பேருக்காக? பிரான்ஸ் அரசாங்கத்தின் சொந்த மதிப்பீடே சுமார் 1,900 பெண்கள் என்றது. ஆறரைக் கோடி ஜனத்தொகையில். சுவிட்சர்லாந்து இன்னும் வேடிக்கை. 2021 மார்ச்சில் நாடு முழுக்க வாக்கெடுப்பு வைத்து, 51.2 சதவிகித ஆதரவோடு இதே தடையைக் கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. அங்கே நிகாப் அணிகிறவர்கள் அதிகபட்சம் சில டஜன் பேர்தான் என்று லூசர்ன் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. ஒரு டவுன் பஸ்ஸில் அடைத்துவிடலாம்.

எண்ணிக்கை குறைவு என்பதால் மட்டும் சட்டம் தப்பாகிவிடாது. நாட்டில் பத்தே பேர் நரபலி கொடுத்தாலும் நரபலிக்குத் தடை வேண்டும். எனவே காரணங்களைப் பார்ப்போம்.

அதற்கு முன்னால் என் கட்சி என்ன என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு முகத்திரை பிடிக்காது. ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து ஆண் கெட்டுப்போவான் என்றால், கண்ணைக் கட்ட வேண்டியது ஆணுக்குத்தான். இதில் எனக்கு சந்தேகமே இல்லை. ஆனால் எனக்குப் பிடிக்காத விஷயங்களின் லிஸ்ட் பெரியது. அதையெல்லாம் கிரிமினல் குற்றமாக்கினால் என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் உள்ளே இருப்பார்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்கும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்பதற்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் காரணங்களால்தான் கடக்க வேண்டும்.

முதல் காரணம், பாதுகாப்பு. மூடிய முகத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. பாஸ்போர்ட் கவுன்ட்டரில், ஏர்போர்ட்டில், பேங்க்கில், ஓட்டுச் சாவடியில் முகத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும். நம்மூரிலேயே வாக்காளர் பட்டியலில் புகைப்படம் போட்டபோது, கோஷா பெண்களின் படம் பலர் கைக்குப் போகும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். படம் வேண்டும் என்று 2006-ல் தீர்ப்பானது. சரியான தீர்ப்பு. ஆனால் அது, தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் காட்டு என்பது. தெருவில் நடக்கும்போதெல்லாம் காட்டிக்கொண்டே இரு என்பது அதிலிருந்து வராது.

இலங்கையில் 2019 ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. எட்டு நாள் கழித்து, அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்திரைக்குத் தடை வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் முஸ்லிம் பெண்கள். தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் வெடித்தவர்களோ ஆண்கள். முதுகில் பை. சிலருடைய முகம் சிசிடிவி கேமராவில் நன்றாகவே பதிந்திருந்தது. அந்த ஆகஸ்டில் அவசரகாலம் முடிந்தது, தடையும் அதோடு போனது. பயந்துபோன நாட்டைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பயம் ஒரு பக்கம் கையைக் காட்டும், ஆபத்து இன்னொரு பக்கம் இருக்கும்.

இரண்டாவது காரணம், பெண் விடுதலை. இதுதான் கனமானது.

என் சிநேகிதி ஒருவர் வக்கீல். குடும்பநலக் கோர்ட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர். தடையை முழு மூச்சாக ஆதரிப்பவர். இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் போனில் பிடித்துக்கொண்டார்.

"நீங்க என்ன எழுதுவீங்கன்னு தெரியும். 'அது அவங்க சாய்ஸ்'னு எழுதுவீங்க. சாய்ஸாவது மண்ணாங்கட்டியாவது! சின்ன வயசுலேர்ந்து முகத்தைக் காட்டினா பாவம்னு சொல்லி வளர்த்த பொண்ணு, இருபது வயசுல நானாத்தான் போட்டுக்கறேன்னு சொன்னா அதுக்குப் பேர் சாய்ஸா?"

"சரி, சாய்ஸ் இல்லைன்னே வெச்சுக்குவோம். அப்ப அவளுக்கு எதுக்கு ஃபைன்?" என்றேன்.

"பலவந்தப்படுத்தினவனுக்கும் இருக்கே! ஒரு வருஷம் ஜெயில், 30,000 யூரோ. மைனர் பொண்ணா இருந்தா ரெண்டும் டபுள்."

"அந்த செக்‌ஷனுக்கு நான் ரெண்டு கையையும் தூக்கறேன். இன்னொரு செக்‌ஷனைத்தான் கேக்கறேன்."

யோசித்துப் பாருங்கள். முகத்தை மூடிய பெண் இரண்டு விதமாகத்தான் இருக்க முடியும். யாரோ மிரட்டி மூட வைத்திருந்தால் அவள் பாதிக்கப்பட்டவள். அவளிடமே 150 யூரோ வசூலிப்பது, அடி வாங்கினவளிடம் ஆஸ்பத்திரி செலவையும் கேட்பது போல. தானாக விரும்பி மூடியிருந்தால், அவளை யாரிடமிருந்து விடுவிக்கிறோம்? எப்படிப் பார்த்தாலும் அபராதச் சீட்டு தப்பான கைக்குத்தான் போகிறது.

இதைச் சொன்னபோது சிநேகிதி கொஞ்ச நேரம் பேசவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவசரம்.

"என்கிட்ட வர்ற பொண்ணுங்க புருஷன் மேல கம்ப்ளெயின்ட் குடுக்க மாட்டாங்க சார். அடி வாங்கிட்டு வந்து 'படியில விழுந்துட்டேன்'பாங்க. அவகிட்ட போய் 'மூட வெச்சவன் மேல கேஸ் போடு'ன்னா போடுவாளா? ஆனா தடை பொதுவா எல்லாருக்கும் இருந்துச்சுன்னா, 'எனக்கென்னவோ ஆசைதான், கவர்மென்ட் விடமாட்டேங்குது, நான் என்ன பண்றது'ன்னு வீட்ல சொல்லித் தப்பிச்சுக்கலாம். பழி கவர்மென்ட் மேல போயிடும். சட்டம் சில பேருக்கு ஒரு சாக்கு. பலம் இல்லாதவங்களுக்கு சாக்குதான் சார் ஆயுதம்."

தடைக்கு ஆதரவாக நான் கேட்டதிலேயே சிறந்த வாதம் இது. இரண்டு நாள் மண்டைக்குள் குடைந்தது. அப்படிப்பட்ட பெண்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்குத் தடை ஒரு கதவு. மறுக்க மாட்டேன்.

ஆனால் மிரட்டி மூட வைக்கிற கணவன் சட்டம் வந்த மறுநாள் என்ன செய்வான்? "சரிம்மா, முகத்தைத் திறந்துக்கிட்டு போயிட்டு வா" என்பானா, "இனிமே வெளியவே போகாதே" என்பானா? சில பேர் முதலாவதைச் சொல்லலாம். பல பேர் இரண்டாவதைத்தான் சொல்வார்கள் என்று சரித்திரம் சொல்கிறது.

1936-ல் ஈரானில் ரேசா ஷா, பெண்கள் முக்காடும் பர்தாவும் போடக் கூடாது என்று உத்தரவு போட்டார். தெருவில் போலீஸ்காரர்கள் துணியைப் பிடுங்கினார்கள். நவீனமாகிவிட்டதாக அரசாங்கம் நினைத்துக்கொண்டது. பல பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்கள், வருஷக்கணக்கில். பொதுக் குளியலறைக்குக்கூடப் போக முடியவில்லை. அவர்களை வீட்டுக்குள் பூட்டிய சாவியைக் கொடுத்தது விடுதலை உத்தரவுதான்.

அதே ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். முக்காடு கட்டாயம். போடாவிட்டால் தண்டனை. முக்காடு சரியில்லை என்று பிடிக்கப்பட்ட மாஷா அமினி என்ற 22 வயதுப் பெண் 2022 செப்டம்பரில் போலீஸ் காவலில் இருந்தபோது மயங்கி விழுந்து இறந்தார். நாடே கொதித்தது. பாட்டியின் தலையிலிருந்து துணியைப் பிடுங்கிய அதே அரசாங்கக் கை, பேத்தியின் தலையில் துணியைப் போட்டு அமுக்கியது. துணி மாறவில்லை, கையும் மாறவில்லை. பாட்டியையும் கேட்கவில்லை, பேத்தியையும் கேட்கவில்லை.

பிரான்ஸில் என்ன ஆயிற்று? ஆக்னஸ் த ஃபியோ என்ற சமூகவியலாளர் பத்து வருஷத்துக்கு மேல் நிகாப் பெண்களைத் தேடித் தேடிப் பேசியவர். கணவன் மிரட்டலுக்குப் பணிந்த அப்பாவிப் பெண் என்று எல்லோரும் மனசுக்குள் வைத்திருக்கும் படத்துக்கு அவர் சந்தித்தவர்களில் பலர் பொருந்தவில்லை. சட்டம் வந்த பிறகு, அதை எதிர்ப்பதற்காகவே அணிய ஆரம்பித்தவர்களும் அவர்களில் உண்டு. பதின்மூன்று வயதுப் பையனிடம் 'முடியை வெட்டு' என்று சொல்லிப் பார்த்த எந்த அப்பாவுக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது.

இந்த வழக்கு ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. வழக்குப் போட்ட பெண்ணின் பெயர் வெளியிடப்படவில்லை. எஸ்.ஏ.எஸ். என்ற இன்ஷியல்தான். முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. பாகிஸ்தானிய வம்சாவளி, 1990-ல் பிறந்தவர், பிரெஞ்சுக் குடிமகள். கணவரோ குடும்பமோ வற்புறுத்தவில்லை, எப்போதும் அணிவதும் இல்லை, மனசு ஆன்மிகத்தில் தோயும்போது அணிகிறேன் என்றார். பேங்க்கிலும் ஏர்போர்ட்டிலும் கேட்டால் முகத்தைக் காட்டுவேன் என்றும் சொன்னார்.

2014 ஜூலை 1-ல் தீர்ப்பு. பாதுகாப்புக்கு முழுத் தடை தேவை என்ற வாதம் எடுபடவில்லை. பெண் சமத்துவ வாதத்தையும் நீதிபதிகள் ஏற்கவில்லை. பெண்களே வேண்டும் என்று கேட்கும் ஒன்றை, பெண்களின் சமத்துவத்தின் பெயரால் தடுக்க முடியாது என்றார்கள். ஆனாலும் சட்டம் பிழைத்தது. மூன்றாவது காரணம் ஒன்று இருந்தது.

'சேர்ந்து வாழ்தல்'. முகம் என்பது தெருவில் ஒருவருக்கொருவர் நாம் கொடுக்கும் விசிட்டிங் கார்டு. அதை மறைத்துக்கொள்கிறவர் மற்றவர்களோடு உறவாட மறுக்கிறார், அதை ஒரு சமூகம் வேண்டாம் என்று முடிவு செய்யலாம். பதினேழு நீதிபதிகளில் பதினைந்து பேர் இதை ஏற்றார்கள். மற்ற இரண்டு பேர், பொது இடத்தில் யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கியிருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்று எழுதினார்கள். 2018-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு, பிரான்ஸின் தடை மத சுதந்திரத்தை மீறுகிறது என்று எதிர்த்திசையில் சொன்னது. அதற்கு கோர்ட் தீர்ப்பின் பலம் கிடையாது. பிரான்ஸ் அசையவில்லை.

'சேர்ந்து வாழ்தல்' என்பதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். எதிரே வருகிறவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியாதபோது மனசு சங்கடப்படுவது நிஜம். வகுப்பில் குழந்தைகளுக்கு டீச்சரின் முகம் வேண்டும். சாட்சிக் கூண்டில் நீதிபதிக்கு சாட்சியின் முகம் வேண்டும். அங்கே கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் வெறுமனே ரோட்டில் நடந்து போகிற ஒருத்தி எனக்கு முகம் காட்டக் கடமைப்பட்டவளா? காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, செல்போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எதிரில் வருகிற இளைஞனும்தான் என்னோடு உறவாட மறுக்கிறான். அவனுக்கு யாரும் ஃபைன் போடுவதில்லை.

சேர்ந்து வாழ்வதற்கு வேறு ஒரு வழியும் இருக்கிறது. அது நம்ம சென்னையிலேயே இருக்கிறது. திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். கோஷா என்றால் பெண்கள் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருப்பது. முஸ்லிம் வீடுகளில் மட்டும் இருந்த வழக்கம் என்று நினைக்காதீர்கள். உயர்ஜாதி இந்து வீடுகளிலும் ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று பிரசவத்தில் செத்துப்போன பெண்கள் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-ல் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர் மேரி ஷார்லீப் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. பிறகு லண்டனிலும் படித்துவிட்டுத் திரும்பி வந்து, 1885-ல் இந்தப் பெண்களுக்கென்றே ஆஸ்பத்திரி ஆரம்பிக்கக் காரணமாக இருந்தார்.

திரையை எடுத்துவிட்டு வா, வைத்தியம் பார்க்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. திரையோடு வா என்றார். கோஷாவை நியாயப்படுத்தினார் என்று இதற்கு அர்த்தமில்லை. முதலில் உயிரோடு இரு, மற்றதைப் பிறகு பேசலாம் என்பதுதான். வைத்தியம் பார்க்கப் பெண் டாக்டர்கள் வேண்டும், பெண் டாக்டர்களுக்குப் பெண்கள் படிக்க வேண்டும். அந்த வழியில் கோஷா தானாகத் தளர்ந்தது. இன்று அந்த ஆஸ்பத்திரிக்குப் பெயரில்கூட கோஷா கிடையாது.

எகிப்தில் 1923-ல் ஹுதா ஷாராவி, ரோமில் நடந்த பெண்கள் மாநாட்டிலிருந்து திரும்பி, கெய்ரோ ரயில் நிலையத்தில் இறங்கியதும் தன் முகத்திரையைத் தானே விலக்கினார். கூடியிருந்த பெண்களில் சிலரும் விலக்கினார்கள். எந்தப் போலீஸும் பிடுங்கவில்லை. எகிப்தியப் பெண்கள் அதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். ரேசா ஷாவின் உத்தரவைப் பற்றி அப்படிச் சொல்லும் ஈரானியப் பெண்கள் குறைவு.

எனவே என் முடிவு இது. மிரட்டி மூட வைப்பவனுக்கு ஜெயில், சரி. முகம் தேவைப்படும் இடத்தில் காட்டச் சொல்வது, சரி. முடிந்தால் பெண் அதிகாரி முன்னால். வீட்டை எதிர்க்க முடியாத பெண்ணுக்குப் படிப்பு, வேலை, ஓடி வந்தால் தங்க ஓர் இடம் கட்டாயம் வேண்டும். என் சிநேகிதி கேட்ட 'சாக்கு'க்கு நான் தரக்கூடிய பதில் இதுதான். முழுப் பதில் இல்லை என்று எனக்கே தெரியும். ஆனால் தெருவில் போகிறவளுக்கு அபராதம் மட்டும் வேண்டாம்.

கடைசியாக ஒரு சம்பவம். எனக்கு வெட்கமான சம்பவம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பேங்க்கில் உட்கார்ந்திருந்தேன். நிகாப் அணிந்த ஒரு பெண், பக்கத்தில் கணவர். "சார், இந்த ஃபாரத்துல நாமினி எங்க எழுதணும்?" என்று அந்தப் பெண் கேட்டார். நான் கணவரைப் பார்த்து விளக்க ஆரம்பித்தேன். கீழே மூன்றாவது காலம், இங்கே கையெழுத்து, அது இது. அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டது நான்தான் சார். எங்கிட்ட சொல்லுங்க" என்றார் அந்தப் பெண்.

குரலில் கோபம் இல்லை. பழக்கப்பட்ட அலுப்பு. அவர் முகத்தைத் துணி மறைத்திருந்தது வாஸ்தவம். ஆனால் அவர் அங்கே இல்லாத மாதிரி நடந்துகொண்டது நான். பாரிஸில் பதினைந்து வருஷத்துக்கு மேலாக நடக்கும் விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் ஞாபகம் வருகிறது.

அவர் பக்கம் திரும்பி, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஃபாரத்தை அவரேதான் பூர்த்தி செய்தார். நாமினி இடத்தில் மகள் பெயரை எழுதினார்.